ஆத்தங்குடி தரையும் அமைதியான கம்ப்யூட்டரும்

காரைக்குடியில் கடைக்குப் போய் "ரெக்கார்டிங்குக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்ணே" என்று கேட்டால் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் எடுத்து மேசையில் வைக்கிறார்கள். அப்புறம் கண்ணாடி போட்ட கேபினெட், அதற்குள் கலர் கலராக எரியும் நாலைந்து ஃபேன். கேம் விளையாடும் பையன்கள்தான் அவர்களுக்கு வாடிக்கை, அதனால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குரலைப் பதிவு செய்கிறவனுக்கு அந்தப் பட்டியலில் பாதி தேவையில்லை, மீதிப் பாதி இடைஞ்சல்.

நான் பதிவு செய்வது அப்பத்தா பாடும் தாலாட்டு, சித்தப்பா படிக்கும் கம்பராமாயணம், எப்போதாவது தம்பியின் கீபோர்டு. ஒரே நேரத்தில் ஒரு மைக், மிஞ்சிப்போனால் இரண்டு. கணக்குப் போட்டுப் பாருங்களேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மைக்கின் பதிவு நொடிக்கு 144 கிலோபைட், மணிக்குக் கிட்டத்தட்ட 520 எம்பி. எட்டு மைக் வைத்தாலும் நொடிக்கு ஒன்றேகால் எம்பியைத் தாண்டாது, பழைய ஹார்டு டிஸ்க்குக்கே அது ஒரு பொருட்டில்லை. இதற்குப் போய் இருப்பதிலேயே வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி எதற்கு? ஆனாலும் சாதாரண எஸ்எஸ்டியாவது வாங்கச் சொல்வேன். வேகத்துக்காக இல்லை, அது சுற்றாது, முனகாது என்பதற்காக.

முனகல்தான் இங்கே பெரிய பிரச்சினை. நம்ம ஊர் வீடு எப்படி இருக்கும் என்று தெரியுமே: தரையில் ஆத்தங்குடி கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் மச்சு. வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) நின்று ஒரு தட்டு தட்டினால் சத்தம் அடங்குவதற்குள் இன்னொரு தட்டு தட்டிவிடலாம். இந்தச் சுவர்கள் பாடுகிறவர் குரலை மட்டுமா திருப்பி அனுப்புகின்றன, மேசைக்கடியில் ஓடும் ஃபேன் சத்தத்தையும் சேர்த்தேதான் அனுப்புகின்றன. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், ஆனால் எதிரொலிக்கிற அறைக்குள் கொஞ்ச தூரத்துக்கு மேல் அந்தக் கணக்கு செல்லாது. அதனால் கம்ப்யூட்டரை மூலைக்குத் தள்ளிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வளவை விட்டுவிட்டு, வளவை ஒட்டிய சின்ன அறை ஒன்றைப் பிடித்து, பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் மெல்லிய ஃபோமை விட அந்தக் கனமான மெத்தை நன்றாக உறிஞ்சும்.

அறையைச் சின்னதாக்கி மெத்தையும் வைத்தால் வெக்கை சேர்ந்துகொள்ளும். சித்திரை வைகாசியில் சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி உட்கார்ந்தால் நமக்கே வியர்த்துக் கொட்டும், கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படிக் குளிரும்? சூடு ஏற ஏற ஃபேன் வேகம் எடுக்கும், பாட்டின் மெதுவான இடத்தில் சரியாக 'ஊ' என்று கிளம்பும். அதனால் பிராசசரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை கோர் என்று பார்ப்பதற்கு முன்னால் எத்தனை வாட் என்று பாருங்கள். 65 வாட் போதும். ரைசன் 5 5600ஜி மாதிரி, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசசர் என்றால் தனிக் கார்டும் வேண்டாம், அதன் ஃபேனும் வேண்டாம். பெயர் பார்த்து வாங்குங்கள்: ஜி இல்லாத வெறும் 5600-லும், இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று முடிவதிலும் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் படமே வராது. கூலரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த பெரிய கூலர் மெதுவாகச் சுற்றியே சமாளித்துவிடும். ராம் 16 ஜிபி, 8 ஜிபியாக இரண்டு போடுங்கள், அவ்வளவுதான்.

இதையும் தாண்டி அமைதி வேண்டுமென்றால் கம்ப்யூட்டரைப் பக்கத்து அறையில் வைத்துவிடலாம். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரைக்கும் தாங்கும், மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு அந்த யுஎஸ்பியே தாராளம். ஜன்னல் கம்பி வழியாகக் கேபிளை விடுங்கள். தேக்கு நிலையில் ஓட்டை போடலாம் என்று மட்டும் யோசிக்காதீர்கள், பங்காளிகள் ஒன்றுகூடுவதற்கு அதை விடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

லேட்டன்சி, அதாவது பாடுவது கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வர ஆகும் தாமதம், பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு அள்ளும் ஒலித் துணுக்குகள்) 128 என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட், போய்வருவது எல்லாம் சேர்த்து 10 என்றே வைத்துக்கொண்டாலும், அது மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவர் பாடுவது நம் காதுக்கு வந்துசேர ஆகும் நேரம்தான். வெறும் குரல் என்றால் இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும், இந்தப் பேச்சே இல்லை. தம்பி கீபோர்டை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாத்தியத்தோடு இணைத்து வாசிக்கும்போதுதான் இது உறைக்கும். அப்போதும் பிராசசரை விட டிரைவர்தான் முக்கியம், விண்டோஸில் இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்கென்றே இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஆசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள். நடுநடுவே 'டிக் டிக்' என்று உடைந்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்.

கரண்டு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பழைய வயரிங்கில் எர்த் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். பதிவில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' வந்தால் மைக்கைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு லேப்டாப்பை சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இணைத்துப் பாருங்கள், அந்த 'ம்ம்ம்' போய்விட்டால் கோளாறு கரண்டு வழியாக வருகிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். வீட்டுக் கரண்டு மாதிரி சீரான அலை தராத ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதிவு செய்யாதீர்கள். யுபிஎஸ் வாங்கினால் அந்தச் சீரான அலை தரும் சைன் வேவ் வாங்குங்கள், இல்லாவிட்டால் கரண்டு போகும் கணத்தில் சில நல்ல பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். பாதிப் பாட்டு போச்சு. எழுபது எண்பது வயதுக்காரரிடம் "இன்னொரு தடவை பாடுங்க" என்று எத்தனை முறை கேட்பது?

எங்கே வாங்குவது? பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் விலை குறையலாம், பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் குறையும். ஆனால் ஏதாவது ஒன்று கோளாறானால் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரயில் ஏற வேண்டும். நான் மதர்போர்டையும் பவர் சப்ளையையும் உள்ளூரில் வாங்குவேன், இன்டர்ஃபேஸையும் மைக்கையும் ஆன்லைனில். எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "கம்ப்யூட்டர் - 1" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.