சோலார் பேச்சு எடுத்தாலே சண்டைதான்

சோலார் போதும், கரண்டுக்கு நிலக்கரி தரும் நெய்வேலிச் சுரங்கத்தை நாளைக்கே மூடு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது; 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நின்ற நெற்பயிருக்குள் சுரங்க வேலைக்காகப் பொக்லைன் இறங்கிய பிறகு, வளர்ச்சிக்கு விலை உண்டு என்பவர்களோடும் ஒத்துப்போகவில்லை.

எங்கள் கடலூரில் வேறொரு வாதம் ஓடுகிறது. 2011 டிசம்பர் 30-ல் அடித்த ‘தானே’ புயல் மாதிரி இன்னொன்று வந்தால் மாடி சோலார் காப்பாற்றுமாம். காப்பாற்றாது! பேட்டரி இல்லாமல் லைனோடு இணைத்த சோலார், கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். மாடியிலிருந்து லைனுக்குப் போகும் கரண்டால், கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான், பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே பேனல் பளபளக்கும், கீழே ஃபேன் ஓடாது.

சரி, அப்போ 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் வேண்டாமா? வேண்டும், பில் குறையும். ராத்திரிக்கு யார் கரண்ட் கொடுப்பது என்று கேட்டால் மட்டும் எல்லோரும் அரசியலுக்குத் தாவிவிடுகிறார்கள்.