அம்மாவின் வெட்டுத்துணி மூட்டையும் 42 சதுரங்களும்

அம்மா 30 வருஷமாக வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். வெட்டி மிஞ்சுவதைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது, பழைய தலையணை உறைகளில் திணித்துப் பரணில் ஏற்றிவிடுவார். போன ஐப்பசி மழையில் பரண் ஒழுகியதால் எல்லா மூட்டையையும் இறக்க வேண்டியதாயிற்று. கொடியில் போடக்கூட முடியாத சின்னச் சின்னத் துண்டுகள் என்பதால் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பிக் காயவைத்தோம். அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் ‘லாக் கேபின்’ குயில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைக்கலாம் என்று தோன்றியது.

லாக் கேபின் என்றால் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. அமெரிக்காவில் 1860களுக்குப் பிறகு பெரிதாகப் பரவிய வடிவம் இது. நடுவில் ஒரு சின்னச் சதுரம் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். நடுச்சதுரம் பெரும்பாலும் சிவப்பு, அதுதான் வீட்டின் அடுப்பு என்பார்கள். ஒரு பக்கம் வெளிர்நிறப் பட்டைகள், எதிர்ப்பக்கம் அடர்நிறப் பட்டைகள். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் இதே முறையை ‘ஹவுஸ்டாப்’ (வீட்டுக் கூரை) என்று சொல்லி, கிழிந்த வேலைக் கால்சட்டை, தீவன மூட்டைத் துணி எது கிடைத்தாலும் வைத்துத் தைத்தார்கள். அவர்களுடைய குயில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன, 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் ஏறின. படங்களைத் தேடிப் பாருங்கள். கோணல்மாணலாக ஓடும் அந்தப் பட்டைகளின் துணிச்சல் எனக்கு இன்னும் கைவரவில்லை.

என் கணக்கு இது. நடுச்சதுரம் இரண்டரை இஞ்ச், பட்டைகள் ஒன்றரை இஞ்ச் அகலம். தையலுக்கு இரண்டு ஓரத்திலும் கால் கால் இஞ்ச் போனால் பட்டை ஒரு இஞ்ச்தான் தெரியும். இரண்டு வெளிர், இரண்டு அடர் என்று நான்கு சுற்று வந்தால் 16 பட்டைகள், தைத்து முடித்த சதுரம் 10 இஞ்ச். அப்படி 42 சதுரங்கள். ஒரு சதுரத்துக்கு 104 இஞ்ச் பட்டை வேண்டும், மொத்தம் 4,368 இஞ்ச், கிட்டத்தட்ட 111 மீட்டர்! ஆனால் கடைசிச் சுற்றுக்குக்கூடப் பத்தரை இஞ்ச்சுக்கு மேல் நீளமான துண்டு தேவையில்லை, முதல் பட்டைக்கோ இரண்டரை இஞ்ச் போதும். ரவிக்கைத் துணியின் ஓரத்தில் மிஞ்சும் நேரான துண்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

நிறம் பொருந்துமா என்று கவலையே படாதீர்கள். வெளிரா அடரா என்பது மட்டும்தான் முக்கியம், அதிலும் கண் ஏமாற்றும். கிளிப்பச்சையும் கடுகு மஞ்சளும் பளிச்சென்று இருப்பதால் வெளிர் என்று நினைத்து ஒதுக்கினேன், செல்போனில் கறுப்புவெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தால் இரண்டும் நடுவாந்திரமாகக் கிடந்தன. அதன்பிறகு எல்லாக் குவியலையும் படம் எடுத்துத்தான் பிரித்தேன்.

முதல் எட்டுச் சதுரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, ஒன்று ஒன்பதே முக்கால், இன்னொன்று பத்தரை. பாப்ளின் சொன்னபடி கேட்கும். பட்டுக்காட்டன் வழுக்கும், குறுக்காக வெட்டிய துண்டு இழுத்தால் நீளும். அந்தக் காலத்தில் செய்தது போல அடியில் ஒரு துணி கொடுத்துத் தைத்ததும் சரியாகிவிட்டது. அப்பாவின் பழைய வேட்டியைச் சதுரங்களாக வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, நடுவில் சிவப்பை வைத்து, அதன்மேல் பட்டையைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, திருப்பி இஸ்திரி போட்டு, அப்புறம் அடுத்த பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் இஸ்திரி போடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடாது. பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுக்க வேண்டும், தேய்த்தால் துணி இழுபடும்.

ஒரு சிவப்புத் துணி சாயம் போயிற்று. தைத்து முடித்த மூன்று சதுரங்களைக் கறை போக அலசினேன், சுற்றியிருந்த வெள்ளை லைனிங் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த சிவப்பையெல்லாம் அன்றைக்கே வாளியில் போட்டுத் தண்ணீர் தெளிகிறவரை ஊறவைத்தேன். அந்த மூன்றையும் பிரிக்கவில்லை, போர்வையின் கால்மாட்டு ஓரத்தில் இருக்கின்றன.

சதுரங்களை எப்படித் திருப்பி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்துப் படமே மாறும். நான் எடுத்தது வெளிரும் அடரும் சாய்வாக மாறிமாறி ஓடும் அடுக்கு, உழவுசால் என்ற பொருளில்தான் ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர். அகலத்தில் ஆறு, நீளத்தில் ஏழு. அடியில் அம்மாவின் நூல்புடவை. இத்தனை தையல்களுக்கு நடுவே கையால் ஓட்டுத்தையல் போட ஊசி இறங்காது, அதனால் ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் மூலைகள் கூடுமிடத்திலும் கெட்டி நூலால் முடிச்சுப் போட்டேன்.

அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பட்டையாக, இது இன்னார் வீட்டு நிச்சயதார்த்தம், இது இன்னார் பெண்ணின் வளைகாப்பு என்று சொல்லிக்கொண்டே போனார், நான் பாதியில் ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். இப்போதெல்லாம் வெட்டும்போதே நேர் ஓரங்களை ஒன்றரை இஞ்ச் பட்டையாக எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிடுகிறார். அடர்நிறம் நிறைந்துவிட்டது, வெளிர்தான் இன்னும் பாதி டின்கூட ஆகவில்லை.