இடது கால் செருப்பும் விசாகப்பட்டினமும்

எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு வலது கால் செருப்பு தனியாக உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது. பந்து எடுக்கும் சாக்கில் அதைக் கீழே தள்ளிவிட்டான் என்பதற்காக என் மகனுடன் அம்மா நேற்று அரை நாள் பேசவில்லை. இதன் ஜோடி வங்காள விரிகுடாவில் இருக்கிறது. எந்த இடத்தில் என்று சரியாகச் சொல்ல முடியாது. விசாகப்பட்டினத்துக்கும் அதற்கு வடக்கே இருக்கும் பீமிலிக்கும் நடுவில் எங்கோ என்பது ஒரு முன்னாள் கடற்படைக்காரரின் கணிப்பு.

என் திட்டம் மிக எளியது. ஆடி மாதத்தில் கல்யாணம், சீமந்தம், கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமைக் கூழை மட்டும் விட்டுவிட்டால் அம்மாவின் நாட்குறிப்பு காலி. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறுவது, விசாகப்பட்டினத்தில் கடலைப் பார்த்த அறையில் மூன்று நாள் காலை நீட்டிக் கிடப்பது, வியாழன் இரவுக்குள் வீடு திரும்புவது. ஒரு தடித்த நாவலும் எடுத்துக்கொண்டேன்.

"அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்?" என்றாள் அம்மா.

"சும்மா இருக்கப் போகிறோம்."

"சும்மா இருக்க எதற்கு எண்ணூறு கிலோமீட்டர்? திருவான்மியூரில் இல்லாத கடலா?"

நியாயமான கேள்வி. ஆனால் நங்கநல்லூரிலிருந்து திருவான்மியூருக்குப் போனால், வழியில் சித்தி வீடு, சித்தி வீட்டில் அடை, அடைக்குப் பிறகு சித்தியின் நாத்தனார் விவகாரம் என்று கடல் கண்ணில் படுவதற்குள் இருட்டிவிடும். இது அம்மாவுக்கும் தெரியும். அதனால் மேற்கொண்டு வாதாடாமல், பருப்புப்பொடி, ஊறுகாய், காப்பிப்பொடி, சின்ன பில்டர் சகிதம் கிளம்பிவிட்டாள். வண்டி நெல்லூர் தாண்டுவதற்குள் எதிர் இருக்கைக்காரர்களுக்கு எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் வரை தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை ஆர்.கே. பீச். அந்த நேரத்தில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. நடப்பவர்கள், ஓடுபவர்கள், கைகளைத் தூக்கிக்கொண்டு சிரிப்பவர்கள் என்று ஊரே ரோட்டில் இருந்தது. அம்மா மணலில் இறங்கினாள், செருப்போடு. குதிகால் வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். செருப்பு அது. வெறும் காலோடு ஓர் அடி கூட வைக்காதீர்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அம்மா மருத்துவர் சொன்னதில் மாத்திரையைத் தவிர மற்றதையெல்லாம் கடைப்பிடிப்பவள். எனவே கடலுக்குள்ளும் செருப்போடுதான்.

அந்தக் கடல் மெரினா மாதிரி யோசித்து யோசித்து வருவதில்லை. வரும்போது சாதுவாக வந்து, போகும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும். முழங்கால் உயரத்துக்கு ஓர் அலை வந்தது. நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அலை செருப்பைப் பிடித்தது.

முழங்கால் உயரம் என்பதற்கு நான் சாட்சி. ஏனென்றால் அன்று மாலைக்குள் அந்த அலை இடுப்பளவு ஆகியிருந்தது. மறுநாள் சிம்மாசலம் கோயில் வரிசையில் நிற்கும்போது ஓர் ஆள் உயரம். திரும்பி வரும் ரயிலில் மேல் படுக்கைக்காரரிடம் சொல்கையில் அது 2014-இல் அந்த ஊரைப் புரட்டிப்போட்ட ஹூத்ஹூத் புயலின் தங்கையாக வளர்ந்திருந்தது. ஹூத்ஹூத் பற்றி அம்மாவுக்குச் சொன்னது ஓர் ஆட்டோக்காரர். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

செருப்பு போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவிடம், அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த முரி மிக்சர்காரர், அதாவது பொரிக் கலவை விற்பவர், காலைக் காட்டிக் கேட்டார்: "செப்பு போயிந்தா அம்மா?"

செப்பு என்றால் செருப்பு. அம்மா கற்ற முதல் தெலுங்குச் சொல் இதுதான். கடைசிச் சொல்லும் இதுதான். வினை இந்தச் சொல்லில்தான் தொடங்கியது. ஏனென்றால் தெலுங்கில் சொல்லு என்பதற்கும் செப்பு என்றுதான் சொல்வார்கள். மரியாதையாக என்றால் செப்பண்டி. தொலைபேசியை எடுத்தால் செப்பண்டி, உணவகத்தில் உட்கார்ந்தால் செப்பண்டி, கடைவாசலில் நின்றால் செப்பண்டி. அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இது காதில் விழும் என்று எண்ணவே முடியாது.

காலை உணவுக்குப் போனோம். பரிமாறுபவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "செப்பண்டி அம்மா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இவருக்கு யாரடி சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அலை வந்துவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கையில் பென்சிலோடு முழுவதும் கேட்டார். மருத்துவர், குதிகால், பாண்டி பஜார் கடை, அறுநூற்றைம்பது ரூபாய், அலை. கதை முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு இரண்டு பெசரட்டு உப்புமா கொண்டுவந்து வைத்தார். அம்மா நெகிழ்ந்து போனாள். "பார், ஆறுதலாக எதையாவது சாப்பிடுங்கள் என்கிறார்."

ஆட்டோவில் ஏறினோம். "செப்பண்டி அம்மா, எக்கடிக்கி?" எங்கே போக வேண்டும் என்கிறார் மனிதர். அம்மா எங்கே தொலைந்தது என்பதை விளக்கினாள். கைலாசகிரிக் குன்றுக்குப் போக வேண்டிய வண்டி மறுபடியும் ஆர்.கே. பீச்சில் வந்து நின்றது. சிவன் பார்வதியின் பெரிய வெள்ளைச் சிலைகளையும் ரோப் காரையும் பிறகு பார்த்தோம். ரோப் காரில் தொங்கும்போது மற்றவர்கள் எல்லாம் கீழே வளைந்து போகும் கரையைப் படம் எடுத்தார்கள். அம்மா அந்த வளைவு முழுவதையும் கண்ணால் துழாவினாள்.

"அம்மா, அவர்கள் சொல்லுங்கள் என்கிறார்கள். செருப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை."

"எந்த ஊரிலாவது செருப்புக்கும் சொல்லுவதற்கும் ஒரே வார்த்தை வைப்பார்களா?"

"நாம் மாடிப்படிக்கும் புத்தகம் படிப்பதற்கும் அரிசி அளக்கிற படிக்கும் ஒரே வார்த்தை வைக்கவில்லையா?"

"அது தமிழ்" என்றாள். வழக்கு தள்ளுபடி.

நான் பிறகு திருத்தவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மா வாயைத் திறந்தால் அண்ணன் கடிகாரத்தைப் பார்ப்பான். நானும் யோக்கியம் இல்லை, "முடிவை முதலில் சொல்லு அம்மா" என்பேன். இங்கே வீதிக்கு நான்கு பேர் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்கிறார்கள். சொல்லட்டுமே.

செவ்வாய் காலை மறுபடி கடற்கரை. கடல் எதையும் வைத்துக்கொள்ளாது, மூன்று நாளில் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது அம்மாவின் சாஸ்திரம். மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர் ஒருத்தி, அம்மாவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கலாம், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு "செப்பம்மா" என்றாள். அம்மா செப்பினாள். இருபது நிமிடம். அவள் பதிலுக்குத் தன் முட்டியைத் தொட்டுக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னாள். அம்மா தன் குதிகாலைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். முரி மிக்சர்காரரோ எங்களைக் கண்டதும் தள்ளுவண்டிக்கு அடியிலிருந்து ஒரு செருப்பை எடுத்து நீட்டினார். இடது கால்தான், ஆனால் ஆண்கள் செருப்பு. வேண்டாம் என்றால் மனம் வருந்துவார் என்று அம்மா அதையும் வாங்கிவைத்துக்கொண்டாள். பொரி, வெங்காயம், தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை எல்லாம் சேர்த்துக் குலுக்கிக் கொடுத்த பொட்டலத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். என் நாவல் அப்போது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அதே சாலையில் கரையேறி நிற்கிறது குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல். சோவியத்தில் கட்டி 1969-இல் நம் கடற்படைக்கு வந்தது. 2001-இல் ஓய்வு பெற்று, மறு வருடமே அருங்காட்சியகம் ஆகிவிட்டது. 91 மீட்டர் நீளம், உள்ளே 75 பேர். "நம் அடுக்குமாடியில் இதைவிட நெருக்கம்" என்றபடியே அம்மா வட்ட வாசல்களில் குனிந்து குனிந்து வந்தாள். உள்ளே விளக்கிச் சொல்பவர்கள் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள். எங்களுக்கு வாய்த்தவர் டார்பிடோ அறையிலிருந்து சமையல் மூலை வரை காட்டிவிட்டு, கடைசியில் கூட்டத்தைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் செப்பண்டி என்றார்.

நான் கண்களை மூடிக்கொண்டேன்.

நான் மொழிபெயர்க்க நேர்ந்த ஒரே சமயம் அதுதான். டார்பிடோவைப் பற்றி நான்கு சிறுவர்கள் கேள்வியோடு காத்திருக்க, பெரியவர் செருப்பு விஷயத்தைச் சிறிதும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். எந்த நேரம்? எந்த இடம்? மிதக்கும் வகையா? பிறகு சொன்னார்: இந்த மாதங்களில் கரையோர ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். மணலும் அப்படித்தான் போகும். வெளித் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறிப்பதால் ஆர்.கே. பீச் மெலிகிறது. துறைமுகக்காரர்கள் அதைத் தோண்டி எடுத்துக் கரையில் கொண்டுவந்து போடுகிறார்கள். உங்கள் செருப்பு வடக்கேதான் போயிருக்கும். பீமிலிப் பக்கம் பாருங்கள்.

"மணலையே திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால் செருப்பு எம்மாத்திரம்" என்றாள் அம்மா வெளியே வந்ததும். சும்மா இருக்க வந்த நான், மறுநாளைக்கு பீமிலி போகக் கார் பேசினேன்.

அதற்கு முன் அன்று மாலை சிம்மாசலம். அங்கே மூலவர் வருடம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். அட்சய திருதியை அன்று மட்டும்தான் நிஜ ரூபம். அம்மா புதிதாக வாங்கிய செருப்பை வாசலில் விட்டு டோக்கன் வாங்கினாள். பையில் இருந்த பழைய வலது காலுக்கு டோக்கன் தர அவர்கள் சம்மதிக்கவில்லை. ஒற்றைச் செருப்பை எப்படிக் கணக்கில் எழுதுவது என்று அவர்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. கடைசியில் ஒருவர் அம்மாவிடம் திரும்பி, என்ன விஷயம் என்று… என்ன வார்த்தை சொல்லிக் கேட்டிருப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நடை சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் தரிசனம் கிடைத்தது.

பீமிலிச் சாலை அழகான சாலை. ஒரு பக்கம் முழுக்கக் கடல், நடுவில் செம்மண் மேடுகள், குன்றின் மேல் தொட்லகொண்டாவில் பழைய பௌத்த விகாரத்தின் மிச்சங்கள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் பிக்குகள் இருந்த இடம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "வெறும் காலோடு இருந்திருப்பார்கள், பிரச்சினையே இல்லை" என்றாள் அம்மா. பீமிலிக் கரையில் ஒதுங்கியிருந்த செருப்புகள் மொத்தம் ஆறு. அனைத்தையும் மணலில் வரிசையாக அடுக்கி அடையாள அணிவகுப்பு நடத்தினோம். ஒன்றும் நம்முடையது இல்லை. அருகில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். அம்மா அதன் முன்னால் மட்டும் செருப்பை மறந்து கொஞ்ச நேரம் நின்றாள். "யார் பெற்ற பிள்ளைகளோ, இவ்வளவு தூரம் வந்து" என்றாள். பிறகு கார்க்காரர் கதவைத் திறந்து செப்பண்டி என்றார். கிளம்பினோம்.

வியாழன் அதிகாலை, ரயிலுக்கு முன் கடைசியாக ஒரு முறை. துப்புரவுக்காரப் பெண் தூரத்திலிருந்தே கையை விரித்தாள். "தொரகலேது அம்மா." கிடைக்கவில்லை. அம்மா தன் தொலைபேசி எண்ணை ஒரு காகிதத்தில் பெரிய பெரிய இலக்கங்களாக எழுதி அவள் கையில் கொடுத்தாள், கூடவே மிச்சமிருந்த பருப்புப்பொடியையும். பெயர் கேட்டுக்கொண்டார்களா என்றால் இல்லை.

புதுச் செருப்பு கடிக்கிறது. விடுமுறையில் களைத்துப் போனதால் எனக்கு ஒரு நாள் விடுப்பு கூடுதலாகத் தேவைப்பட்டது. அலுவலகத்தில் நன்றாக ஓய்வெடுத்தீர்களா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு அம்மாவின் தொலைபேசி அடித்தது. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அம்மாவின் குரல் உற்சாகமாக எழுந்தது. ரயில் எத்தனை மணிக்கு வந்தது, கூழ் எப்படி வந்தது, புதுச் செருப்பு எந்த விரலில் கடிக்கிறது, பேரன் பந்தால் என்ன செய்தான் என்று நாற்பது நிமிடம் ஓடியது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"யார் அம்மா?"

"பீச்சில் பெருக்குகிற பெண். பாவம், மறக்காமல் கூப்பிட்டிருக்கிறாள்."

"என்ன சொன்னாள்?"

"எடுத்ததுமே செப்பு என்றாள். சொன்னேன்."

"வேறு?"

"அப்புறம் தொரி… தொரிகி… என்று ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் எனக்குப் பேச்சு வந்துவிட்டது."