பெயரில் மட்டும் வெல்ல முடியாதவை

ராசியில்லாத கப்பல் பெயர் என்றால் 'இன்வின்சிபிள்'தான். வெல்ல முடியாதது என்று பெயர்! பிரிட்டிஷ் கடற்படையில் அந்தப் பெயர் தாங்கிய கப்பல்கள் 1758லும் 1801லும் மணல்திட்டில் சிக்கி அழிந்தன. 1869ல் கடலில் இறக்கியதற்குப் பெயரை இருமுறை மாற்றியும், 1914ல் இழுத்துச் செல்லும்போது புயலில் மூழ்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியக் கடற்படையுடன் நடந்த 1916 ஜட்லண்ட் கடற்போரில் இன்னொன்று: நடுப் பீரங்கிக் கோபுரத்தைத் துளைத்த குண்டால் வெடிமருந்து அறை பற்றி, கப்பல் இரண்டாகப் பிளந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் தப்பியவர்கள் 6 பேர். பாவம், பெயரைப் பழிப்பானேன்? மெலிதான கவசத்தைச் சொல்லுங்கள்.

நம் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்திலிருந்து 1941 டிசம்பர் 8ல் கிளம்பிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'ரிபல்ஸ்' கதையும் அப்படித்தான். எதிரியை விரட்டும் பெயர், மேலே காவலுக்கு ஒரு போர் விமானம்கூட இல்லை. 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தான் பக்கம் ஜப்பானிய டார்பிடோ விமானங்கள் மூழ்கடித்துவிட்டன.