கடலுக்கு முதுகு காட்டிய ஊர்

"பாகான் டத்தோவா? கடல் பக்கத்திலேயே வீடு, கொடுத்து வைத்தவள்" என்று ஷா ஆலமில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி மூன்று வருஷம் ஆகிறது, இத்தனை நாளில் கடலைப் போய்ப் பார்த்ததை எண்ணப் பத்து விரலே அதிகம்.

நீலத் தண்ணீர், வெள்ளை மணல் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பேராக் ஆறு கடலில் விழுகிற இடம் இது. தண்ணீர் தே தாரேக், அதாவது பால் தேநீர் நிறத்தில் இருக்கும், கரையெல்லாம் சேறும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரமும்தான். நண்டு பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சேறு சொர்க்கம். எனக்கு அது ஒரு ஜோடி செருப்பைத் தின்ற இடம்.

உண்மையில் தோட்ட வேலை செய்து வாழ்ந்த எங்கள் சனங்களுக்குக் கடல் என்பது வெளியே நிறுத்திவைக்க வேண்டிய ஒன்று. தென்னை நட்ட இந்தத் தாழ்ந்த நிலத்துக்கு மண்கரை போட்டு, கான் என்கிற வடிகால் வெட்டி, மதகு வைத்துத்தான் கடலை அந்தப் பக்கம் தள்ளினார்கள். தண்ணீர் வற்றும்போது மதகைத் திறந்து மழைத்தண்ணீரை விடுவது, ஏறும்போது மூடுவது, இன்றைக்கும் அதே கணக்குதான். என் தாத்தா கான் வெட்டியவர். அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் பாட்டிக்கு விரதத்தைவிடக் கரையைப் பற்றிய கவலைதான் பெரிது, உப்புத்தண்ணீர் உள்ளே வந்து நின்றால் பயிர் போச்சு. லயத்து வீடுகளின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசல்கூடத் தோட்டச் சாலையைப் பார்த்துத்தான் இருக்கும். கடல் கொல்லைப்பக்கம், எங்கோ.

இப்போது அந்த லயத்தில் பாதி வீட்டுக்குப் பூட்டு. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள், தென்னை இருந்த பல இடங்களில் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது, குலை வெட்டுகிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். காலையில் ஒட்டுக்கடையில் பசியாறப் போனால் யார் வீட்டில் என்ன விசேஷம், யாருக்குத் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு நாய்கூடக் குரைக்காது. பார்சல் வந்தால் வீடு தேடி வராது, கடைக்காரரிடம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அவர் பிரித்துப் பார்க்காத குறையாக "என்னம்மா, சேலையா?" என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது நானே அவரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துவருகிறேன்.

இன்னொரு கூத்து தேங்காய். தென்னைக்குப் பேர்போன ஊரில் அம்மா பாசாருக்குப் போய் விலை பேசி இரண்டு தேங்காய் வாங்கிவருகிறாள், அதுவும் புலம்பிக்கொண்டே. ஒரு காலத்தில் விழுந்ததைப் பொறுக்கினாலே குழம்புக்கு ஆச்சாம்.

2017இல் பாகான் டத்தோவைப் பேராக்கின் 12ஆவது மாவட்டமாக அறிவித்த பிறகு புதுக் கட்டடங்கள், பெயர்ப்பலகைகள் எல்லாம் வந்தன. சனி, ஞாயிறு என்றால் கோலாலம்பூர்க் கார்கள் வரும், படகு பிடித்து பூலாவ் செம்பிலான் தீவுகளுக்குப் போய் ராத்திரி நீலமாக மின்னும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனதில்லை. சரி, போகலாம்தான்.

படகில் நான் ஏறியது ஒரே ஒரு தடவை, அப்பாவின் அஸ்தியைக் கரைக்க. எங்கள் ஆட்களில் பலரும் கடலுக்குப் போவது அதற்காகத்தான். எல்லாம் முடிந்து திரும்பும்போது படகோட்டி, சீனப் பெரியவர், எந்தத் தோட்டம் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். வேகத்தைக் குறைத்து, அதோ அங்கே என்று கையைக் காட்டினார். கடலிலிருந்து எங்கள் ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பச்சையாக ஒரு கோடு, அவ்வளவுதான். வீடு ஒன்றும் தெரியவில்லை.