0.8 மில்லி தகட்டுக்கு எந்த வெல்டிங்? வீல் ஆர்ச் வேலையில் முடிவெடுத்த விதம்

வேலை இதுதான்: ஒரு காரின் பின்பக்க வீல் ஆர்ச்சின், அதாவது சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின், விளிம்பைத் துரு தின்றிருக்கிறது. அதையொட்டி ராக்கர் பேனலின் (கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பாகம்) பின்முனை உளுத்துப்போயிருக்கிறது. உள்ளே தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்து வேலை. வெட்டித் திறந்தால் மூன்றும் மூன்று விதம். அதனால் மெஷினைத் தொடும் முன் ஒவ்வொரு ஜாயின்டையும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்: தகடு எவ்வளவு கனம், பின்பக்கம் கை போகுமா, சுமை தாங்கும் இடமா, வெளியே தெரியும் இடமா.

கனத்தை வெறும் இரும்பில்தான் அளக்க வேண்டும். பெயின்ட், பட்டி, அடிப்பக்க ரப்பர் பூச்சு எல்லாம் சேர்ந்தால் வெர்னியர் பொய் சொல்லும். வெளித்தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லி. உள்ளே சுமை தாங்கும் பாகங்கள் 1.2 மில்லியிலிருந்து 2 மில்லி வரை போகும். துரு ஓட்டையின் ஓரத்தில் அளந்தால் 0.4, 0.5 என்றுகூட வரும். அந்த ஓரத்தில் எந்த வெல்டிங்கும் நிற்காது, உருகி ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, மந்தமான சத்தம் போய் கணீரென்று கேட்கும் இடத்தையும் தாண்டி 15 முதல் 20 மில்லி நல்ல இரும்புக்குள் வெட்டுவது நல்லது. தகட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஓரத்தை விட்டுவைப்பதில்தான் பாதி வேலைகள் கெடுகின்றன.

இனி எதையெல்லாம் தள்ளலாம் என்று பார்ப்போம். ஆர்க் வெல்டிங்கில் 2 மில்லி ராடு போட்டு, அது எரியக்கூடிய குறைந்த ஆம்பியரில் வைத்தாலும் 0.8 மில்லி தகட்டுக்குச் சூடு அதிகம். சேஸிஸ் பிராக்கெட்டுக்கு அது போதும், பாடிக்கு வேண்டாம். கேஸ் வெல்டிங்கில் ஜாயின்ட் மென்மையாக வரும், சுத்தியலும் டாலியும் (பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) வைத்துத் தட்டினால் அழகாகப் படியும். ஆனால் சூடு ஜாயின்டின் இரு பக்கமும் அகலமாகப் பரவுவதால் தட்டையான பேனல் நெளிந்துவிடும். ராக்கர் போன்ற மூடிய பெட்டிக்குள் பழைய மெழுகும் ஒயரும் இருந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. உள்ளே ஃபிளக்ஸ் பொடி நிரப்பிய, கேஸ் வேண்டாத கம்பி காற்றடிக்கும் திறந்தவெளிக்கு உதவும். ஆனால் சூடும் சிதறலும் அதிகம், மேலே கசடும் படியும். வெளித்தகட்டில் அதைத் தொட வேண்டாம்.

மிச்சம் இருப்பவை மூன்று. மிக்: டார்ச் வழியாகக் கம்பி தானாக வந்து உருகும், கேஸ் அதைக் காற்றிலிருந்து காக்கும். டிக்: டங்ஸ்டன் முனையால் தகட்டை உருக்கி, நிரப்புக் கம்பியைக் கையால் கொடுப்பது. ஸ்பாட்: இரண்டு தகட்டையும் இரு முனைகளுக்கு நடுவே அழுத்திக் கரன்ட் பாய்ச்சிப் புள்ளியாக ஒட்டுவது.

டிக்கில் வரும் ஜாயின்ட்தான் இவற்றில் மிகச் சுத்தமானது. 30 ஆம்பியர் அளவில், காலால் மிதித்துக் கரன்ட்டைக் கூட்டிக் குறைத்து, இடைவெளியே இல்லாமல் பொருத்திய இரண்டு விளிம்புகளை மிகக் குறைந்த நிரப்புக் கம்பியில் இணைத்துவிடலாம். பிறகு தட்டி நீட்டவும் வசதி. ஆனால் இரண்டு கையும் வேண்டும், உட்கார்ந்து செய்யும் வசதியும் வேண்டும். முக்கியமாக, துத்தநாகப் பூச்சோ துருவோ துளி மிச்சம் இருந்தால்கூட உருகிய இரும்புக் குழம்பு கொப்பளித்து டங்ஸ்டன் முனை அழுக்காகும். நிமிடத்துக்கு ஒருமுறை முனையைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே மேசைமேல் வைத்து ஒட்டுத்தகடு செய்யும் வேலைக்கு டிக். சக்கரப் பள்ளத்துக்குள் தலையை நுழைத்து மேல்நோக்கிச் செய்யும் வேலைக்கு அது வேண்டாம் என்பது என் கணிப்பு.

வீல் ஆர்ச்சின் வெளி ஜாயின்டுக்கு மிக். 0.6 மில்லி கம்பி போட்டால் குறைந்த கரன்ட்டிலேயே சீராக எரியும், 0.8 கம்பியிலும் செய்யலாம், ஆனால் ஓட்டை விழும் எல்லை மிக அருகில் வந்துவிடும். கம்பியை மாற்றும்போது கான்டாக்ட் டிப்பையும் (கம்பி வெளிவரும் செம்பு முனை), உள்ளே கம்பியைத் தள்ளும் ரோலரின் பள்ளத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வழுக்கி விட்டுவிட்டு வரும், அதை மெஷின் கோளாறு என்று நினைத்து நேரம் போகும். கேஸ் ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்தது, நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். வெறும் கார்பன் டை ஆக்சைடிலும் எரியும், சிதறல் கூடும், சூடும் ஆழமாக இறங்கும். டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) பாசிட்டிவில், எர்த் நெகட்டிவில். 0.8 மில்லிக்கு 15 வோல்ட், 35 முதல் 45 ஆம்பியரில் தொடங்கி, அதே காரிலிருந்து வெட்டிய நல்ல துண்டில் முதலில் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பி தகட்டில் முட்டி டார்ச்சைப் பின்னால் தள்ளினால் கம்பி வேகம் அதிகம். கம்பி நுனி உருண்டையாகி டிப் வரை எரிந்து வந்தால் வேகம் குறைவு. சரியான இடத்தில் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஒரே சீரான சடசடப்பு கேட்கும். ஆனால் கடைசித் தீர்ப்பு காதில் இல்லை, தகட்டின் முதுகில்: திருப்பிப் பார்த்தால் மெல்லிய கோடாக இரும்பு உருகி எட்டிப்பார்த்திருக்க வேண்டும்.

ஜாயின்டை எங்கே வைப்பது என்பதும் வெல்டிங் முறையைப் போலவே முக்கியம். தட்டையான பரப்பின் நடுவில் வைத்தால் நெளிவு கண்ணில் அடிக்கும். வளைவுக்கோ மடிப்புக்கோ பக்கத்தில் வைத்தால் தகட்டின் வடிவமே அதைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். வெளித்தகட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு, நடுவே ஹாக்ஸா பிளேடு நுழையும் இடைவெளி. ஏற்றி வைப்பது சுலபம்தான், ஆனால் இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் தங்கி அதே இடத்தில் மறுபடி துரு பிடிக்கும். தரைத்தகட்டில் 15 மில்லி ஏற்றி வைப்பதில் தவறில்லை. அங்கே இரு பக்கமும் சீலர் போட முடியும்.

இனிப் பொறுமைதான் வேலை. 300 மில்லி நீள ஜாயின்டில் 25 மில்லிக்கு ஒரு டேக், அதாவது ஒரு சிறு புள்ளி வெல்ட், என்றால் முதல் சுற்றில் 13 புள்ளிகள். ஒவ்வொன்றும் அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை. ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று தாவித் தாவி வைக்க வேண்டும். பக்கத்தில் வெறுங்கையை வைக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் அந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு இடைவெளிகளைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, கடைசியில் புள்ளிகள் ஒன்றையொன்று தொடும். புள்ளி 5 மில்லி அகலம் என்றால் மொத்தம் ஏறத்தாழ 60. இதை ஒரே கோடாக இழுத்தால் என்ன ஆகும்? உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இரு பக்கத் தகட்டையும் இழுக்கும், பேனல் அமுங்கிப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தைப் பட்டி போட்டு மறைத்தால் பட்டிதான் கனக்கும்.

மிக் புள்ளிகள் கடினமானவை. தட்டும் முன் அவற்றை மெல்லிய டிஸ்க்கால் தகட்டு மட்டம் வரை இறக்கிவிட்டு, பின்னால் டாலியை வைத்து, ஜாயின்டின் மேலேயே லேசாகத் தட்டினால் சுருங்கியது நீளும். கிரைண்டரைப் பிடிக்கும்போது தகடு நீலம் பாய்ந்தால் உடனே நிறுத்த வேண்டும். வெல்டிங்கில் காப்பாற்றிய பேனலைக் கிரைண்டர் நெளித்துவிடும்.

ஆர்ச் விளிம்பில் வெளித்தகடும் உள்தகடும் சேரும் உதடு வேறு கதை. அங்கே இரு பக்கமும் எட்டுவதால் ஸ்பாட் வெல்டிங்தான் சரி: கம்பெனியில் வைத்ததும் அதுதான், சூடு ஒரு புள்ளியோடு நின்றுவிடும். முனை 5 முதல் 6 மில்லி, தகடுகள் நடுவே இடைவெளி இல்லாத இறுக்கம். பழைய புள்ளிகள் இருந்த எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. மிக நெருக்கமாகவும் வைக்கக் கூடாது. பக்கத்துப் புள்ளி வழியாகவே கரன்ட் கசிந்து புதிய புள்ளி பலவீனமாகும்.

ராக்கர் முனையில் பின்பக்கம் கை போகாது. அங்கே பிளக் வெல்டிங், அதாவது மேல்தகட்டில் துளை போட்டு மிக்கால் நிரப்புவது. பழைய ஸ்பாட் புள்ளிகளை 8 மில்லி ஸ்பாட் கட்டரால் மேல்தகட்டை மட்டும் வெட்டிப் பிரித்த பிறகு, புதிய மெல்லிய தகட்டில் 6 மில்லி துளை, கனமானதில் 8. சேரும் முகங்களில் துத்தநாக வெல்ட் பிரைமர் பூசி, துளைக்குள் தெரியும் இடத்தை மட்டும் சுரண்டிவிட்டு, துளைக்குப் பக்கத்திலேயே கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். செட்டிங்கை விளிம்பு ஜாயின்டுக்கு வைத்ததைவிட ஏற்ற வேண்டும், ஏனென்றால் இங்கே உருக வேண்டியது அடித்தகடு. கம்பியைத் துளையின் நடுவில் அடித்தகட்டின்மேல் தொட்டு, குழம்பு விரிந்த பிறகு மெல்லச் சுற்றி ஓரத்துக்கு வர வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் மேலே பொத்தான் போல அழகாக நிரம்பும், கீழே ஒட்டியிருக்காது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் இரண்டு துண்டில் ஒரு மாதிரி போட்டு, வைஸில் பிடித்து உளியால் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து, அந்தக் கட்டி மறுதகட்டில் ஒட்டியிருந்தால் நல்லது. இரண்டும் சுத்தமாகப் பிரிந்தால் செட்டிங் தவறு. ஸ்பாட் வெல்டிங்குக்கும் இதே சோதனைதான்.

ராக்கருக்குள் இருக்கும் வலுவூட்டித் தகடு, பி-பில்லர் (முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்) இவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புதிய கார்களில் அவை மிக உறுதியான போரான் எஃகாக இருக்கலாம். சூடு பட்டால் பலம் போய்விடும். எங்கே வெட்டலாம், ஸ்பாட்டா, செம்பு-சிலிக்கான் கம்பியில் மிக் பிரேசிங்கா (தகட்டை உருக்காமல் கம்பியை மட்டும் உருக்கி ஒட்டுவது) என்பதை அந்தக் காரின் ரிப்பேர் மேனுவல்தான் சொல்ல வேண்டும். செம்பு-சிலிக்கான் கம்பி ஏறத்தாழ 1000 டிகிரியில் உருகும். இரும்புக்கு 1500 டிகிரி வேண்டும். அந்த வித்தியாசத்தில்தான் பலமும் துத்தநாகப் பூச்சும் பெருமளவு தப்புகின்றன.

தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றி, எர்த்தை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். தரைவிரிப்பும் சீட்டும் வெளியே, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல வரும், முகமூடி கட்டாயம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் அடிக்கவே கூடாது, பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும்.

முன்பக்கம் பளபளப்பாக முடிந்தாலும் பின்பக்கப் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கிருந்துதான் திரும்பி வரும். எட்டும் இடத்தில் பிரைமர், ஜாயின்ட் முழுக்க சீலர். பெயின்ட் காய்ந்த பிறகு நீளக் குழாய் முனையை ராக்கருக்குள் விட்டு மெழுகு தெளித்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும்.