இருபது யூரோ வாங்கிய ‘நூற்றுக்கு அதிபதி’

ரோமில், பழைய வட்டரங்கமான கொலோசியத்தைப் பார்க்க மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இருபது யூரோ போய்விட்டது. பழைய ரோமப் படைவீரன் வேடத்தில் ஒருவன்: சிவப்பு அங்கி, நெஞ்சுக் கவசம், தலைக்கவசத்தில் துடைப்பத்தைக் கவிழ்த்தது போல ஒரு கொண்டை. என் கணவரின் தோளில் அவனாகவே கை போட்டான். ஒரே ஒரு படம் எடுத்தேன். ஐந்து யூரோவை நீட்டினால், வாளை உருவுவது போல் பாவனை செய்து “இருபது” என்றான். அது எங்கள் மதியச் சாப்பாட்டுக் காசு. இந்த வேடக்காரர்களுக்கு 2015-இல் ரோம் நகராட்சி தடை விதித்துப் பார்த்திருக்கிறது. அன்றிரவு விடுதியில்தான் அதைப் படித்தேன்.

வயிற்றெரிச்சல் பணத்தோடு முடியவில்லை. பைபிளில் வரும் நூற்றுக்கு அதிபதி, அதாவது சிப்பாய்களை நடத்தும் ரோமப் படை அதிகாரி, தான்தான் என்றான். பொய்! அதிபதியின் தலைக்கவசக் கொண்டை காதுக்குக் காது குறுக்காக நிற்கும். இவனுக்கு நெற்றியிலிருந்து பிடரிக்கு ஓடியது. அதிபதி வாளை இடப்பக்கம் கட்டுவான். இவன் வலப்பக்கம் கட்டியிருந்தான், சாதாரணச் சிப்பாயைப் போல. கையில் திராட்சைக்கொடித் தடியும் இல்லை. பதவிச் சின்னமும் அதுதான், சிப்பாயின் முதுகில் விளாசுவதும் அதுதான். பதவியின் பெயரில்தான் நூறு; பேரரசுக் காலத்தில் அவனுக்குக் கீழே இருந்தது சுமார் 80 பேர். ஆக, சிப்பாய்க்கு அதிபதியின் கூலியைக் கொடுத்திருக்கிறேன்.

வரிசை, பைச் சோதனை எல்லாம் இருக்கட்டும். உள்ளே போனால் கல்லிலேயே அந்தஸ்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் களத்தை ஒட்டி செனட்டர்கள், அதாவது ஆட்சி மன்றத்தின் உறுப்பினர்கள். சில பளிங்கு இருக்கைகளில் அவர்கள் பெயர் இன்னும் தெரிகிறது. அவர்களுக்குத் தகுதி பத்து லட்சம் செஸ்டெர்ஸ் (ரோமக் காசு) சொத்து, அடையாளம் அங்கியில் அகலமான ஊதாப் பட்டை. அடுத்து, அவர்களுக்கு ஒரு படி கீழான பணக்காரர்கள், ‘குதிரைவீரர்’ வகுப்பு: நான்கு லட்சம் சொத்து, மெல்லிய பட்டை, தங்க மோதிரம். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு, அதாவது 900 செஸ்டெர்ஸ். ஒரு காசு செலவழிக்காமல் 445 ஆண்டுகள் சேமித்தால் அவன் அந்த மோதிரத்தைப் போடலாம்!

அந்தக் காலமாக இருந்தால், தோகா என்ற ரோமப் போர்வை ஆடை அணிந்த குடிமகனாக என் கணவர் நடு அடுக்கில் உட்கார்ந்திருப்பார். இருபது யூரோவை எடுத்துக் கொடுத்த நான்? பெண்களுக்கு உச்சியில்தான் இடம், ஏழைகளோடும் அடிமைகளோடும், மரப்பலகையில்.

அந்த உச்சியையாவது பார்க்கலாம் என்று கேட்டேன். மேல்தளத்துக்குத் தனி டிக்கெட்டாம், விலையும் கூடுதலாம். ஏறவில்லை.